தேங்காய்ப்பால் பவுடருக்குள் இருந்த பசும்பால்

என் மகனுக்குப் பசும்பால் அலர்ஜி. ஒன்றரை வயதில் கிளினிக்கில் சொன்னார்கள். அன்றோடு வீட்டில் பட்டரும் பால்மாவும் நின்றன. சில மாஜரினிலும் பால் சேர்கிறது என்று லேபலில் பார்த்ததும் அதையும் விட்டேன்.

நாலாவது பிறந்தநாளுக்கு நானே கேக் அடித்தேன். கோதுமை மா, முட்டை, சீனி, தேங்காய் எண்ணெய். கறிக்கு எப்போதும் தேங்காய்தான் துருவுவோம். கேக்குக்குப் பால் கெட்டியாக இருக்கட்டும் என்று முதல்முறையாகத் தேங்காய்ப்பால் பவுடர் பக்கெட் வாங்கினேன். ஒரு துண்டு சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து வாந்தியும் எடுத்தான். தலவாக்கலை டவுனிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்தப் பாதையை இன்று நினைத்தாலும் கை நடுங்குகிறது.

"அண்ணி, புள்ளைக்குத் தேங்காதான் ஒத்துக்கல போல" என்றாள் நாத்தனார். மாமி முட்டையைச் சொன்னார். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. தேங்காய் ரொட்டி இல்லாமல் அவனுக்குக் காலைச் சாப்பாடே இல்லை, முட்டையும் அடிக்கடி சாப்பிடுகிறவன். அப்படியென்றால் கேக்கில் புதிதாக வந்தது எது?

குப்பையில் கிடந்த பக்கெட்டை எடுத்துத் துடைத்து, ஜன்னலோரம் நின்று படித்தேன். பொடி எழுத்தில் சோடியம் கேசினேட். கேசினிலிருந்து செய்வது அது. கேசின் பாலின் புரதம். பசும்பால் புரதத்தில் ஏறக்குறைய 80 வீதம் அதுதான். தேங்காய்க் கொழுப்பு பிரியாமல் தூளாக நிற்பதற்காகச் சேர்க்கிறார்கள். பக்கெட்டின் முன்பக்கத்தில் தேங்காய்ப் படம் மட்டுமே.

பக்கெட்டையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அதேதான்" என்றார். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறுதான் கோளாறு பண்ணும், இவனுக்குப் புரதமே ஆகாது, லாக்டோஸ் நீக்கிய பாலும் கூடாது என்று விளக்கினார். வீட்டில் கொஞ்சம் கொடுத்துப் பார்த்துச் சோதிக்கவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இப்போது கேசின், கேசினேட், வே (whey, பால் திரிந்தால் பிரியும் தண்ணீர்) என்ற சொற்களைத் தேடாமல் எதையும் வாங்குவதில்லை. 'நொன் டெய்ரி', அதாவது பால் சேராதது என்று விற்கும் விப்பிங் கிரீமிலும் கேசினேட் இருக்கலாம், பார்த்து வாங்குங்கள்.

கேக்குக்குத் தேங்காய் துருவி, தண்ணீர் அதிகம் விடாமல் முதற்பால் பிழிகிறேன். மார்கழிக் குளிரில் எண்ணெய் போத்தலோடு உறைந்துவிடும். சுடுதண்ணீரில் வைத்து உருக்குங்கள். பாலும் முட்டையும் ஜில்லென்று இருந்தால் எண்ணெய் மறுபடி திரளும், அதனால் அவற்றின் குளிர் போகட்டும். ஐசிங்குக்குச் சீனித்தூளில் தேசிக்காய்ச் சாறு குழைத்து ஊற்றுகிறேன். கிண்ணத்தை வழித்து நக்க அவன் பக்கத்திலேயே நிற்பான்.