மறு: தொலைக்காட்சி ‘வரவேற்பு’ – அலையேற்பா, அலைப்பிடிப்பா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பீடோங்கிலிருந்து வணக்கம். ஒளிபரப்பு அலை பெட்டிக்கு வந்து சேர்வதை ஆங்கிலத்தில் ‘ரிசெப்ஷன்’ என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாள்களாகப் படித்து வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களில் ஏரியல் (ஆண்டெனா) கட்டிப் பிழைத்தவன் இதில் வாய் திறக்காமல் இருப்பது முறையல்ல என்று பட்டது. மடல் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலண்டன் ஐயா கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டுவண்டி) பயணிகளுக்காக எழுதிவரும் கையேட்டின் வரைவிலிருந்தே தொடங்குகிறேன்.

> மரங்களுக்கு அடியில் வண்டியை நிறுத்தினால் தொலைக்காட்சி வரவேற்பு குறையும்.

வரவேற்பு என்றால் கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும். இந்த வரியைப் படிப்பவர், மரத்தடியில் தொலைக்காட்சி பார்ப்பதை யாரும் விரும்புவதில்லை போலும் என்றுதான் எடுத்துக்கொள்வார். ரிசெப்ஷன் என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் கல்யாணத்துக்கும் வானலைக்கும் உதவுகிறது. அதற்காகத் தமிழ்ச் சொல்லும் இரண்டு வேலை பார்க்க வேண்டும் என்று விதி இல்லை. இதை நீக்குவதில் நம் எல்லாருக்கும் உடன்பாடுதான்.

கோலாலம்பூர் ஆசிரியை அம்மையாரின் ‘அலையேற்பு’ அப்படித் தள்ளிவிடக் கூடிய சொல் அல்ல. மலாயில் பெறுதலைக் குறிக்கும் ‘தெரிமா’ என்ற வேரிலிருந்து ‘பெனெரிமாஆன்’ என்று அமைத்துக்கொண்டார்களே, நாம் ஏன் ஏற்றலிலிருந்து அமைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஆனால் தெரிமாவின் பரப்பு பெரிது. கடிதம் கைக்கு வந்தாலும் தெரிமா, சம்பளம் வாங்கினாலும் தெரிமா, நன்றி சொன்னாலும் தெரிமா காசே. தமிழில் ஏற்பு என்றவுடன் மனம் ஒப்புதலுக்குப் போகிறது: தீர்மானத்தை ஏற்றார்கள், விண்ணப்பத்தை ஏற்கவில்லை. ஏற்றால் ஏற்றது, இல்லாவிட்டால் இல்லை. அலை அப்படிப்பட்டதல்ல. காலையில் நன்றாக இருக்கும், மழைக்குக் கெடும், வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தினால் திரும்பி வரும். கூடியும் குறைந்தும் நழுவியும் போகிற ஒன்றுக்குப் பெயர் தேடுகிறோம். அதற்கான வினை ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது.

1970களின் கடைசியில் நான் சிறுவன். எங்கள் தோட்டத்தில் மின்சாரம் இரவில் சில மணி நேரந்தான். பெரியப்பா கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கார் பேட்டரியில் ஓட்டினார். இன்று கேரவனில் இருப்பதும் அதே 12 வோல்ட்தான். காற்றடித்து ஏரியல் திரும்பிவிட்டால் லயத்தின் (தொழிலாளர் வரிசைவீடுகளின்) தகரக் கூரைமேல் என்னைத்தான் ஏற்றிவிடுவார்கள். தகரம் காலைச் சுடும். நனைத்த கோணியை விரித்து அதன்மேல் நின்றுகொண்டு, இரும்புக் குழாயை இரண்டு கைகளாலும் திருப்புவேன். பெரியப்பா உள்ளே பெட்டியின் முன்னால், பெரியம்மா வாசற்படியில். அவர் சொல்வதை இவர் எனக்குக் கூவுவார்: “மலைப் பக்கம் திருப்பு. பிடிக்கிறது… இன்னும் கொஞ்சம்… பிடிக்கிறது… ஐயோ, விட்டுவிட்டது. பழையபடி வா. பிடித்துவிட்டது! அசையாதே!” பெரியப்பா ஏணியில் ஏறி வந்து கம்பியால் குழாயை இறுக்கிக் கட்டும்வரை அசையாமல் நிற்பேன். இறங்கும்போது உள்ளங்கை முழுதும் துரு.

மலை என்றால் எங்களுக்கு ஜெராய். 1,217 மீட்டர் உயரம், சுற்றிலும் சமநிலம்; ஒளிபரப்புக் கோபுரம் அமைக்க இதைவிட நல்ல இடம் வடக்கே கிடையாது. கடாரத்துக்கு (இன்றைய கெடா) வந்த பழங்காலக் கப்பல்களும் இந்த மலையைத்தான் கடலிலிருந்து அடையாளமாகப் பார்த்துக் கரை சேர்ந்தன. அந்த மலையை நோக்கித்தான் எங்கள் ஏரியல்களும் நின்றன.

பெரியம்மா கூவியதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பிடிக்கிறது, விட்டுவிட்டது, பிடித்துவிட்டது. அலை கைக்கு எட்டுவதும் நழுவுவதும் மறுபடி அகப்படுவதும் அந்த ஒரே வினைக்குள் இருக்கின்றன. இதிலிருந்துதான் ‘அலைப்பிடிப்பு’ என்று முன்மொழிகிறேன். நல்ல பிடிப்பு, குறைந்த பிடிப்பு, விட்டுவிட்டுப் பிடித்தல் என்றெல்லாம் அளவு சொல்ல முடியும். ஏரியல் நோக்க வேண்டிய திசை ‘பிடிதிசை’. இவற்றுக்கு அடிக்குறிப்பே தேவைப்படாது.

சென்னை நண்பர் படப்பிடிப்போடு குழம்பும் என்று எச்சரித்திருக்கிறார். எனக்கு அதுவே துணையாகத் தெரிகிறது. படத்தைப் பிடிப்பது படப்பிடிப்பு, அலையைப் பிடிப்பது அலைப்பிடிப்பு. பழகிய அச்சில் வார்த்த சொல் விரைவில் ஊன்றும். மீன்பிடிப்பையும் வாயுப்பிடிப்பையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை, முன்னால் நிற்கும் சொல் காப்பாற்றிவிடுகிறது. உண்மையில் குழப்பம் வரக் கூடியது கேரவனில்தான். தமிழ்நாட்டு வாசகருக்கு அது நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டுக்கு நம்மிடம் ‘கூண்டுவண்டி’ இருக்கிறது. மாடு பூட்டிய காலத்திலும் அதற்குள் படுத்துத் தூங்கித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இதை எடுத்துக்கொள்ளும்படி ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, ஆங்கில ‘ஓவர்லோடு’க்கு வரைவில் உள்ள ‘மிகைச்சுமை’. சென்ற மாதம் அண்ணன் மகன் தன் வேனில் ஊர் சுற்றக் கிளம்பி, முதல் இரவு செமெலிங் பக்கம் திடலோரமாக நிறுத்தியிருந்தான். ஜெராய் கண்ணுக்கு நேரே நிற்கிறது; திரையிலோ சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு. கம்பத்தை உயர்த்திப் பார்த்திருக்கிறான், நாலாபுறமும் திருப்பிப் பார்த்திருக்கிறான். நான் போய் ஏரியலைத் தொடவே இல்லை. மேசைக்கு அடியில் சிவப்பு விளக்கோடு எரிந்துகொண்டிருந்த பெருக்கியை (அலையை வலுவாக்கும் ஆம்பிளிஃபயர்) அணைத்துவிட்டு, அலைவரிசைகளை மறுபடி தேடவிட்டேன். எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. கோபுரத்துக்கு இவ்வளவு அருகே அலை தானாகவே வலுவாக இருக்கும். பெருக்கிக்குள் அது அளவுக்கு மீறிப் போனால் பெருக்கி சிதைந்த அலையைத்தான் வெளியே தள்ளும்; பெட்டியால் அதிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. கூண்டுவண்டிக்காரர்கள் வாங்கும் ஏரியல்கள் பலவற்றில் பெருக்கி கூடவே வருகிறது. அணைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வருவதில்லை.

இதை மிகைச்சுமை என்றால் யாரோ எதையோ தூக்கிக்கொண்டு நிற்பது போல் இருக்கிறது. நடந்தது சுமை அல்ல, திகட்டல். மூன்று கரண்டி பாயசம் இனிக்கும், ஒரு குண்டான் பாயசம் குமட்டும். ‘அலைத்திகட்டல்’ என்று வைத்தால் மருந்தும் சொல்லிலேயே இருக்கிறது: குறை.

அலை ஓர் அளவுக்குக் கீழே போனதும் படம் திடீரென்று நின்றுபோவதற்கு (ஆங்கிலத்தில் ‘கிளிஃப் எஃபெக்ட்’) வரைவில் உள்ள ‘குன்று விளைவு’ என்ற சொல்லில் எனக்கு வருத்தமே உண்டு. ஆங்கிலத்தில் செங்குத்துப் பாறையின் விளிம்பிலிருந்து விழுவதை உவமையாக வைத்தார்கள். அதைக் குன்றாக்கியதும் பயணி ‘ஏதோ குன்று மறைக்கிறது’ என்று படிப்பார், வண்டியை நகர்த்தக் கிளம்பிவிடுவார். பழைய ஒளிபரப்பில் அலை மெலிந்தால் படத்தில் புள்ளிகள் மொய்க்கும், ஒலி இரையும்; ஆனாலும் செய்தி வாசிப்பவரின் முகம் தெரியும். பிரிட்டனில் 2012இலும் மலேசியாவில் 2019இலும் அந்த ஒளிபரப்பு முடிந்துவிட்டது. இப்போதைய எண்ம (டிஜிட்டல்) முறையில் பெட்டி பிழைகளைத் தானே திருத்திக்கொள்கிறது. அதன் திருத்தும் எல்லைவரை படம் பளிச்சென்று இருக்கும். எல்லை தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். கயிறு நைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, அறுந்த பிறகுதான் தெரியும். ஆகவே ‘பிடிப்பறுதல்’. படம் நன்றாக இருக்கிறதே என்று நம்பாமல், பெட்டியின் பட்டியலில் (மெனு) இருக்கும் இரண்டு கோடுகளையும் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒன்று வலிமை, மற்றது தரம். சுவரிலும் தகரத்திலும் எதிரொளித்து வரும் அலையால் வலிமை நிறைந்தும் தரம் தாழ்ந்தும் இருக்கலாம். தரத்தைப் பார்த்துத் திருப்புவதே சரி.

ஏரியலின் கம்பிகள் படுத்திருப்பதற்கும் நிற்பதற்கும் ஐயா மூன்று புதுச்சொற்கள் ஆக்கியிருக்கிறார். எனக்கு ஒன்றுகூட வேண்டாம் என்று தோன்றுகிறது. முனைவாக்கம் (போலரைசேஷன்) என்ற பாடநூற்சொல் பாடநூலிலேயே இருக்கட்டும். பிரிட்டனில் பெரிய கோபுரங்களுக்கு ஏரியல் கம்பிகள் படுத்திருக்க வேண்டும், சிறிய துணைக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிற்க வேண்டும். புதிய ஊரில் வண்டியை நிறுத்தியதும் அக்கம்பக்கத்து வீட்டுக் கூரைகளைப் பாருங்கள்; அவர்கள் ஏரியல் எந்தப் பக்கம் நோக்குகிறது, கம்பி படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று பார்த்து அப்படியே செய்யுங்கள். இவ்வளவு எழுதினால் போதும், கலைச்சொல் இல்லாமலே வேலை முடிந்துவிடும்.

செயற்கைக்கோள் பற்றி ஒரு திருத்தம். ‘தட்டு ஏறத்தாழ உச்சியை நோக்க வேண்டும்’ என்ற வரி மலேசியக் குறிப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். 91.5 பாகை கிழக்கில் உள்ள மியாசாட் கோள்கள் பீடோங்கில் அடிவானத்திலிருந்து சுமார் 77 பாகை உயரத்தில் இருக்கின்றன. இங்கே தென்னை இடித்துக்கொண்டு நிற்காதவரை கவலை இல்லை, கனமழைதான் எதிரி. இலண்டனிலிருந்து பார்த்தால், அங்கே தொலைக்காட்சிக்குப் பயன்படும் 28.2 பாகை கிழக்குக் கோள் சுமார் 25 பாகை உயரத்தில்தான். அங்கே வேலியோர மரமே மறைத்துவிடும். அந்த வரியை மாற்றிவிடுங்கள்.

பெரியம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது, பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறார். நேற்று மாலை அவரிடம் ஐயாவின் வரியை மூன்று விதமாகவும் படித்துக் காட்டினேன். வரவேற்புக்கு “யார் வீட்டில்?” என்றார். அலையேற்புக்கு ஒன்றும் சொல்லவில்லை. “மரங்களுக்கு அடியில் வண்டியை நிறுத்தினால் அலைப்பிடிப்பு குறையும்” என்றதும், “அப்படியென்றால் மரத்தைவிட்டு வெளியே நிறுத்தச் சொல், ஏரியலை மலைப் பக்கம் திருப்பச் சொல்” என்றார். அலைத்திகட்டல் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. அதைவிடத் தெளிவான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், என்னுடையதை எடுத்துவிடலாம்.

அன்புடன்,
பீடோங் ஏரியல்காரன்