பங்குனித் திருவிழா – தவில் விஷயமாக

உறவுகளுக்கு வணக்கம்.

தவில்காரரை மாற்றிவிடலாம் என்று போன வாரம் வந்த மடல்களைப் படித்தேன். போன வருஷம் அவர் குடித்துவிட்டு வந்தது உண்மைதான். சாமி புறப்பாட்டில் தாளம் பிசகி, நாயனக்காரர் பாதியில் நிறுத்தியதை நானும் வீடியோவில் பார்த்தேன். இப்போது ஏழு மாதமாகத் தொடுவதில்லை என்கிறார் அவர் அக்கா.

நான் இருக்கும் ஃபிலடெல்ஃபியாவில், 33ஆம் தெருவில், பூங்காவைப் பார்த்தபடி ஒரு மூன்று மாடிச் செங்கல் வீடு. ஜான் கோல்ட்ரேன் 1952இல் வாங்கி, அம்மாவோடு இருந்த வீடு. ஜாஸ் இசையில் சாக்சபோன் வாசித்தவர். நம் கத்ரி கோபால்நாத் வாசித்தாரே, அந்தக் குடும்பத்து வாத்தியம்தான். இவருடையது கொஞ்சம் கனத்த குரல்.

கோல்ட்ரேனின் பன்னிரண்டு வயதில், சில மாத இடைவெளியில் அப்பாவும் தாத்தாவும் போய்விட்டார்கள். வளர்ந்த பிறகு ஹெராயின், கூடவே குடி. மேடையிலேயே தூங்கி வழிவாராம். 1957இல், ட்ரம்பெட் வாசிக்கும் மைல்ஸ் டேவிஸ் இவரைத் தன் குழுவை விட்டே அனுப்பிவிட்டார். இத்தனைக்கும் மைல்ஸும் அதே பழக்கத்தில் கிடந்து எழுந்தவர்.

அப்புறம் கோல்ட்ரேன், பழக்கத்தை விடப் போகிறேன் என்று அம்மாவிடமும் மனைவி நைமாவிடமும் சொல்லிவிட்டு ஓர் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். தண்ணீர் மட்டும்தான் உள்ளே போனது என்பார்கள். அந்தக் கோடையிலேயே பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் அவரைச் சேர்த்துக்கொண்டு, நியூயார்க்கில் மாதக்கணக்கில் வாசிக்க வைத்தார். ‘ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம்’ என்று மங்க் சொல்லவில்லை.

1959இல் பதிவான ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ தொகுப்பில் ஒரு மெட்டு நைமா பெயரில், ஒன்று நைமாவின் மகள் சையீதா பெயரில், இன்னொன்று அதே வீட்டில் இருந்த மேரி பெயரில். மேரி அவர் அம்மாவின் சகோதரி மகள். நம் முறைக்குச் சகோதரி. ‘நைமா’வை ராத்திரியில் கேட்டுப் பாருங்கள். கீழே பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் தம்புரா மாதிரி பெரும்பாலும் ஒரே சுருதியில் நிற்கும். மேலே சாக்சபோன் அவசரமே இல்லாமல் நகரும்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். அவரையே கூப்பிடுவோம். முன்பணத்தை அக்கா கையில் கொடுத்துவிடலாம். புறப்பாட்டுக்கு முந்தின ராத்திரி, ஊரில் இருக்கும் மாமாக்கள் யாராவது அவர் கூடவே படுத்துக்கொள்ளுங்கள். வலந்தலைத் தோல் மாற்ற வேண்டுமாம். அந்தச் செலவு என்னுடையது.