பையைக் கொட்டுன்னு சொன்னா என்ன கேக்கணும்?

(எங்க குடும்பக் குரூப்ல திங்கள்கிழமை ராத்திரி ஓடின பேச்சு. வீட்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் போடறேன். சித்தி போலீஸ்ல எஸ்.ஐ.யா இருந்து ரிட்டையர் ஆனவங்க.)

அம்மா: பாப்பா சாயங்காலம் அழுதுகிட்டே வந்தா. டவுன்ல ஒரு ஜவுளிக்கடை. வெளிய வரப்ப வாசல் மெஷின் கத்திருச்சாம். செக்யூரிட்டி ஆளு பையப் புடுங்கித் தரையில கொட்டிட்டாராம். அத்தனை பேர் முன்னாடி

மாமா: எந்தக் கடைக்கா? இப்பவே போறேன்

அம்மா: பேரு இங்க வேண்டாம்டா. விடிஞ்சா ஊரே ஃபார்வேர்டு பண்ணும்

சித்தி: பாப்பா நீயே சொல்லு சாமி. உன்மேல கை வச்சானா?

பாப்பா: இல்ல சித்தி. துப்பட்டாவ எடுத்து உதறுன்னாரு. மாட்டேன்னுட்டேன். அப்பறம் ஒரு சேல்ஸ் அக்கா வந்து பாத்தாங்க. பில் போட்டவங்க சுடிதார்ல இருந்த அலாரம் டேகை எடுக்காம விட்டிருக்காங்க. பில்லு என் கையிலதான் இருந்துச்சு. அத ஒருத்தரும் கேக்கல

சித்தி: மாட்டேன்னு சொன்ன பாரு, அதுதான் சரி. எல்லாரும் கேட்டுக்கங்க. கடை செக்யூரிட்டி போலீஸ் இல்ல. "பைய காட்டுறீங்களா"ன்னு கேக்கலாம். நீ சரின்னா பாக்கலாம். நீ சம்மதிக்காம பைக்குள்ள கை விட அவருக்கு அதிகாரமே கிடையாது. கண்ணு முன்னாடி ஜாமீன் இல்லாத பெரிய குத்தம் நடந்தா பொதுஜனம் யார் வேணா புடிச்சு வைக்கலாம், ஆனா உடனே போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும். 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல அதுக்கு 6 மணி நேரம்னு கெடு போட்டிருக்கு. அதுலயும் துப்பட்டாவ உதறச் சொல்ற அதிகாரம் யாருக்கும் இல்ல

மாமா: மெஷின் கத்துச்சுன்னா அவங்களும் பாக்கத்தான வேணும்?

சித்தி: பாக்கட்டும்டா. "பில்லு இருக்காம்மா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். டேகை எடுக்காம விட்டது கடைக்காரங்க. நடுரோட்டுல கூனிக் குறுகி நின்னது நம்ம புள்ள

நான்: அம்மாயி வாய்ஸ் அனுப்பிருக்காங்க, டைப் பண்றேன். "காலையில பட்டா மனு குடுக்க கலெக்டர் ஆபீஸ் போனேன். கேட்டுலயே ஒரு போலீஸ் பொண்ணு என்னையும் சோதிச்சுச்சு. ஆயா, பைய பாக்கறேன், கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் தொட்டுச்சு. சுருக்குப் பையக் கூட என்னையே அவுக்கச் சொல்லுச்சு. தண்ணி பாட்டில மட்டும் தொறந்து ரெண்டு தடவ மோந்து பாத்துச்சு. தைலத்தையும் மோந்துச்சு. தண்ணியில என்னத்த மோக்கறது?"

சித்தி: மண்ணெண்ணெய், பெட்ரோல் வாசனைக்கும்மா. 2017 அக்டோபர்ல திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ்ல கந்துவட்டிக் கொடுமை தாங்காம புருஷன், பொண்டாட்டி, ரெண்டு குழந்தைங்க தீ வச்சுக்கிட்டாங்க. நாலு உசுரும் போச்சு. எந்த ஊரு குறைதீர்க்கும் நாள்லயும் கேட்டுல பாட்டிலத் தொறந்து மோந்து பாக்கறது அந்த மாதிரி இன்னொன்னு நடந்துரக் கூடாதுன்னுதான். மனு குடுக்க வர்றவங்கள்ல பாதிப் பேரு மனசு ஒடஞ்சு வர்றவங்க. அவங்க மேல கை வைக்கறப்ப அந்த நெனப்பு இருக்கணும்

அம்மாயி சொன்ன பொண்ணு நல்லாப் பழகியிருக்கு. எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. சோதிக்கப் போறேன்னு மொதல்ல வாயால சொல்லு. திரை மறைவா நிக்க வை. தோள்ல ஆரம்பிச்சு கீழ வரைக்கும் புறங்கையால. கொண்டைய அவங்களே அவுக்கட்டும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா பந்தோபஸ்துல ஆயிரக்கணக்குல கூட்டம் வரும், அங்கயும் அதே மொறைதான். பொம்பளைய பொம்பளைதான் சோதிக்கணும், கண்ணியம் கெடாம சோதிக்கணும். இது எங்க பெருந்தன்மை இல்ல, சட்டத்துலயே எழுதியிருக்கு

பாப்பா: அங்க லேடி செக்யூரிட்டி யாருமே இல்ல சித்தி

சித்தி: அத மனுவுல எழுதறோம்

நான்: சித்தி, போன மாசம் சேலம் ஜங்ஷன்ல ரயில் நின்னப்ப நாய கூட்டிட்டு வந்து எங்க கோச் முழுக்க சோதிச்சாங்க. என் பேக்கையும் தொறந்தாங்க. சம்மதம்லாம் கேக்கல

சித்தி: அது வேற. ஒடிசா, ஆந்திரா பக்கமிருந்து வர்ற ரயில்ல கஞ்சா கடத்தறாங்க. தன்பாத் ஆலப்புழா ரயில்ல அடிக்கடி புடிப்பாங்க. பழுப்பு டேப் சுத்தின பொட்டலம், சீட்டுக்கடியில ஒரு பையில கெடக்கும். பைக்காரன் நாலு கோச் தள்ளி ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருப்பான். யாருது பைன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அதனாலதான் பை பையாப் பாக்கறது

ஆனா கஞ்சா சந்தேகத்துல உன் உடம்பச் சோதிக்க வந்தா அதுக்குத் தனிச் சட்டம். 1985 போதைப்பொருள் சட்டம், 50ஆவது பிரிவு. "மாஜிஸ்ட்ரேட் முன்னாடியோ கெசட்டட் ஆபீசர் முன்னாடியோ சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு"ன்னு அவங்களே உன்கிட்ட சொல்லியாகணும். 2010ல சுப்ரீம் கோர்ட்ல 5 நீதிபதிங்க அமர்வே அத உறுதியா சொல்லிருச்சு. அதச் சொல்லாம விட்டு எத்தனையோ கேஸ் கோர்ட்ல நிக்காமப் போயிருக்கு. பைக்கு இந்தப் பிரிவு வராது, உடம்புச் சோதனைக்கு மட்டும்

அம்மா: இதெல்லாம் தெரியாமத்தான் இத்தன வருசமா எல்லாத்துக்கும் கைய தூக்கிட்டு நிக்கறோம்

மாமா: ஏற்காடு அடிவாரம் செக்போஸ்ட்ல என் வண்டியத் தொறந்து பாக்கறாங்களே அதுவும் செரியாக்கா?

சித்தி: பிளாஸ்டிக்குத்தானே. ஒருமுறை தூக்கிப் போடற பிளாஸ்டிக்க 2019லயே அரசாங்கம் தடை பண்ணிருச்சு. தொறந்து காட்டிட்டுப் போ, மலைக்கு நல்லது

இன்னொண்ணு. கைது பண்ணி உடம்பச் சோதிச்சு ஏதாவது எடுத்தா, எடுத்ததுக்கு ரசீது குடுக்கணும். போலீஸ் வீட்ட சோதிச்சு பொருளக் கைப்பத்தினா இப்ப வீடியோவும் எடுக்கணும். ரசீது கேக்க வெக்கப்படாதீங்க. வேலைய ஒழுங்காச் செய்யற போலீஸுக்கு அதுல கோவமே வராது

பாப்பா: நான் அழுதிருக்கக் கூடாது சித்தி

சித்தி: அழுதா என்ன கண்ணு. அழுதுகிட்டேதான் மாட்டேன்னு சொல்லியிருக்க. எனக்கு அது போதும்

நாளைக்கு 10 மணிக்கு நாலு ரோட்டுல நில்லு. கேமரா பதிவ அழிக்காம வைக்கச் சொல்லி மேனேஜர்கிட்ட மொதல்ல எழுதிக் குடுப்போம். ஒழுங்கா பதில் வரலன்னா ஸ்டேஷன்ல மனு குடுத்து, மனு வாங்கினதுக்கு அத்தாட்சியா தர்ற சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கலாம்

மாமா: நானும் வரேன்

சித்தி: வா. ஆனா பாப்பாதான் பேசுவா, நீ பக்கத்துல நின்னா போதும்

பாப்பா: சரி சித்தி. பில்லு இருக்கு. டேகையும் எடுத்து வச்சிருக்கேன்