ஃபரக்கா ஒப்பந்தம் 2026ல முடியுதே, அதுக்கப்புறம் கங்கை தண்ணிக்கு என்ன சட்டம்?

தென்காசி_படிப்பாளி:
வணக்கம், நான் குரூப் 1 மெயின்ஸுக்கு படிச்சிட்டு இருக்கேன். இந்தியா பங்களாதேஷ் கங்கை நீர் ஒப்பந்தம் 1996 டிசம்பர் 12ல தேவகௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்து போட்டது, 30 வருஷத்துக்குன்னு இருக்கு, அப்போ 2026 டிசம்பரோட சரி. புக்குல "பாதிப் பாதி"ன்னு ஒரு வரில முடிச்சிட்டாங்க. நிஜமாவே பாதிப் பாதியா? முடிஞ்ச மறுநாள் நம்ம ஆளுங்க மேற்கு வங்கத்துல இருக்கற ஃபரக்கா அணையோட ஷட்டர இறக்கிட்டா கேக்க ஆள் உண்டா? காவிரின்னா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடலாம், இங்க எங்க ஓடுறது?

பழைய_மாலுமி:
தம்பி, அந்த அணையை எதுக்கு கட்டினாங்கன்னு முதல்ல பாரு, அப்பதான் கணக்கு புரியும். ஹால்டியால இருந்து தூத்துக்குடிக்கு நிலக்கரி ஏத்துற கப்பல்ல நான் பல வருஷம் ஓடியிருக்கேன், கல்கத்தா வழியா கடலுக்கு போற கங்கைக் கிளைதான் ஹூக்ளி, அதோட வாய்ல தண்ணி ஏறுற நேரத்துக்காக மணிக்கணக்கா நங்கூரம் போட்டு கிடப்போம், அவ்வளவு சேறு. கங்கையோட முக்கால்வாசி தண்ணி பத்மாவா பங்களாதேஷ் பக்கம் போயிடுது, ஹூக்ளில ஓட்டம் இல்லாம கல்கத்தா துறைமுகம் தூர்ந்துகிட்டே வந்துச்சு. அதனால ஃபரக்கால 109 மதகோட ஒரு தடுப்பணை, அங்கிருந்து சுமார் 38 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி வினாடிக்கு 40,000 கன அடி ஹூக்ளிக்கு திருப்பி சேத்தை அடிச்சு தள்ளணும்கறது பிளான். 1975 ஏப்ரல்ல 41 நாள் சோதனை ஓட்டம்னு சொல்லி பங்களாதேஷ் சம்மதத்தோட திறந்தாங்க, அந்த 41 நாள் முடிஞ்சும் எடுத்துகிட்டே இருந்தோம். அதான் அடுத்த வருஷம் மே 16ல பங்களாதேஷ் தலைவர் மௌலானா பாஷானி, தொண்ணூறு வயசு கடந்த மனுஷன், ராஜ்ஷாஹில இருந்து ஃபரக்காவ நோக்கி ஆயிரக்கணக்கான ஜனத்தோட நடந்தார். விஷயம் ஐநா சபை வரைக்கும் போச்சு. நான் துறைமுகத்த நம்பி சோறு தின்னவன், ஆனாலும் அது நாம செஞ்ச தப்புன்னுதான் சொல்லுவேன்.

நீர்க்கணக்கு:
கணக்கு நான் சொல்றேன். ஜனவரி 1ல இருந்து மே 31 வரைக்கும்தான் ஒப்பந்தம், மழைக்காலத்துக்கு பங்கீடு கிடையாது. பத்து பத்து நாளா பிரிச்சு ஃபரக்காக்கு என்ன வருதுன்னு பாப்பாங்க. 70,000 கன அடியோ அதுக்கு கீழேயோ வந்தா சரிபாதி. 70லருந்து 75 ஆயிரம்னா பங்களாதேஷுக்கு 35,000, மிச்சம் நமக்கு. 75க்கு மேல போனா நமக்கு 40,000, மிச்சம் அவங்களுக்கு. இதுல பல பேர் கவனிக்காத ஒண்ணு, மார்ச் 11லருந்து மே 10 வரைக்கும் ஒரு பத்து நாள் அவங்களுக்கு 35,000 உறுதி, அடுத்த பத்து நாள் நமக்கு 35,000 உறுதி, இப்படி மாத்தி மாத்தி மூணு தடவை. அப்போ மொத்தமே 60,000 வந்து அது அவங்க முறையா இருந்தா நமக்கு 25,000தான். அவங்க ஆளு ஃபரக்கால நின்னு அளப்பாங்க, நம்ம ஆளு அங்க பங்களாதேஷ்ல பத்மா மேல இருக்கற ஹார்டிஞ்ச் பாலத்துல நின்னு அளப்பாங்க, எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச ஏற்பாடு இதுதான்.

ஓடுறதுக்கு இடம் கேட்டீங்களே, இல்லைங்க. தகராறு வந்தா கூட்டுக் கமிட்டி, அங்க தீரலன்னா 1972ல வந்த கூட்டு நதி ஆணையம், அதுலயும் தீரலன்னா ரெண்டு அரசும் உக்காந்து பேசணும், அவ்வளவுதான். சிந்து ஒப்பந்தத்துல நடுநிலை நிபுணர், நடுவர் மன்றம்னு இருக்கு, இதுல வெளியாள் யாருமே இல்ல. 1997 ஐநா நீர்வழி உடன்படிக்கைல ஓட்டெடுப்பு அன்னைக்கு இந்தியா எந்தப் பக்கமும் ஓட்டு போடாம ஒதுங்கிடுச்சு, சேரவும் இல்ல.

தென்காசி_படிப்பாளி:
ரொம்ப நன்றி சார். 50,000க்கும் கீழ போனா?

நீர்க்கணக்கு:
உடனே கலந்து பேசணும்னு மட்டும் இருக்கு. இதுக்கு முன்னாடி 1977ல போட்ட ஒப்பந்தத்துல எவ்வளவு வறட்சின்னாலும் அவங்க பங்குல 80 சதவீதம் கண்டிப்பா விடணும்னு ஒரு ஷரத்து இருந்துச்சு, 96ல அது போயிடுச்சு. அஞ்சு வருஷ மறுஆய்வுல உடன்பாடு வரலன்னா 90 சதவீதம் விடணும்னு ஒண்ணு இருக்கு, ஆனா அது ஒப்பந்தம் உயிரோட இருக்கற வரைக்கும்தான். முடிஞ்சா புதுப்பிக்க ரெண்டு பேர் சம்மதமும் வேணும், தானா நீளாது.

டாக்கா_திருப்பூர்:
நான் டாக்கால கார்மென்ட்ஸ்ல இருக்கேங்க, சொந்த ஊரு திருப்பூரு. ஒரு ஏப்ரல் மாசம் குஷ்டியா போறப்ப லாலன் ஷா பாலத்து மேல வண்டிய நிறுத்தி பாத்தேன், பக்கத்துலயே அந்த ஹார்டிஞ்ச் ரயில் பாலம், அதோட தூண் பல மணல்ல நிக்குது, பசங்க அங்க கிரிக்கெட் ஆடுறாங்க. பத்மாங்க அது!

நீர்க்கணக்கு சார் சொன்னது அத்தனையும் சரி, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. ஃபரக்காக்கு வந்த தண்ணியத்தான் இந்த ஒப்பந்தம் பங்கு போடுது, எவ்வளவு வந்து சேரணும்னு யாரையும் கட்டுப்படுத்தல. அட்டவணைல இருக்கற நம்பர் எல்லாம் 1949லருந்து 88 வரைக்கும் ஓடுன ஓட்டத்தோட சராசரி. அந்த ஓட்டத்த காப்பாத்த முயற்சி பண்றோம்னு இந்தியா எழுதிக் குடுத்திருக்கு, ஆனா உத்தரப் பிரதேசத்துலயும் பீகார்லயும் கால்வாய்க்கும் மோட்டாருக்கும் எடுக்கறதுக்கு அளவு எங்கயும் போடல. புதுசா எழுதுறப்ப மேல இருந்தே அளக்கணும், இல்லன்னா காலி பானைய சரிபாதியா பிரிக்கற கதைதான். பீகாரும் சந்தோஷமா இல்லீங்க, அணையால வண்டல் தேங்கி வெள்ளம் வருதுன்னு 2016ல நிதிஷ் குமார் ஃபரக்காவையே எடுத்துடணும்னாரு. மேற்கு வங்கம் ஒத்துக்கலைன்னா டெல்லியால நகர முடியாதுன்னு 2011ல தீஸ்தா ஆத்து ஒப்பந்தத்துலயே பாத்தோம்.

தம்பி, மறுநாள் என்ன ஆகும்னு கேட்டீங்கல்ல, அது ஏற்கனவே ஒரு தடவை நடந்திருக்கு. 88ல பழைய உடன்பாடு முடிஞ்சு 96 வரைக்கும் எட்டு வருஷம் ஒண்ணுமே இல்ல. அந்த வருஷங்கள்ல குஷ்டியா பக்கம் பத்மால இருந்து பிரியற கொராய் ஆத்தோட வாய் கோடைல மண் மூடி அடைச்சே போச்சு, குல்னா பக்கத்துக்கு நல்ல தண்ணி கொண்டு போறதே அந்த ஆறுதான். கடல் உப்பு உள்ள ஏறி வயல் போச்சு, சுந்தரவனத்துல சுந்தரி மரம் நுனில இருந்து காஞ்சுது. அப்புறம் டிரெட்ஜர் போட்டு வாயத் தோண்டுனாங்க, மண்ணு திரும்ப வந்து மூடும், திரும்பத் தோண்டுவாங்க.