உட்ரெக்ட், கெண்ட்: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மேகலை:
நண்பர்களே, மே மாதம் அம்மாவோடு நெதர்லாந்து, பெல்ஜியம் போகிறேன். எல்லாரும் ஆம்ஸ்டர்டாம், புரூஜ் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலைய எனக்கு மனசில்லை. அதனால் நெதர்லாந்தில் உட்ரெக்ட், பெல்ஜியத்தில் கெண்ட் என்று இரண்டு நடுத்தர ஊர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். படங்களில் இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன: கால்வாய், கோபுரம், சைக்கிள். கையில் நான்கு நாள். அம்மாவுக்கு முட்டி வலி, நிறையப் படி ஏற முடியாது, ஆனால் ஓவியம் என்றால் உயிர். போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இளவேனில்:
மேகலை, நான் உட்ரெக்டில் படித்தவள், அதனால் அந்த ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பார்த்துவிட்டு நகர்கிற ஊர் இல்லை அது, உட்கார்ந்து இருக்க வேண்டிய ஊர். நடுவில் ஓடும் அவுடகிராக்ட் கால்வாயில் தெரு மேலே இருக்கும், அதற்கு ஒரு மாடி கீழே தண்ணீரை ஒட்டி ஒரு நடைபாதை, அதிலிருந்து தெருவுக்கு அடியில் நீளும் நிலவறைகள். அந்தக் காலத்தில் படகில் வந்த சரக்கை இறக்கி வைத்த இடங்கள், இப்போது பலவற்றில் உணவகமும் காபிக் கடையும் நடக்கின்றன. இறங்கச் சில படிகள் உண்டு, மெதுவாக இறங்கிவிட்டால் அப்புறம் தண்ணீர் ஓரமாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

டோம் கோபுரம் 112 மீட்டர், நெதர்லாந்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம். 465 படி, அம்மாவுக்கு வேண்டாம். ஆனால் கீழே சதுக்கத்தில் நில்லுங்கள். கோபுரம் ஒரு பக்கம், தேவாலயம் ஒரு பக்கம், நடுவே வெட்டவெளி. 1674-இல் அடித்த புயலில் இரண்டையும் இணைத்திருந்த நடுக்கூடம் இடிந்து விழுந்து அப்படியே விடப்பட்டது, அது நின்ற இடம் தரைக்கற்களில் கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை அங்கே இருந்தால் மதியம் கால்வாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். தெருக்கல்லில் ஒரு கவிதை எழுதிக்கொண்டே போகிறார்கள், வாரம் ஒரு கல், ஒரு கல்லில் ஒரே ஒரு எழுத்து. 2012-இல் தொடங்கியது, முடிவே கிடையாது. ஒரு கவிஞர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்கிறார். சிற்பி அங்கேயே உட்கார்ந்து எழுத்தைச் செதுக்குவதைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது.

பரணி:
அம்மாவுக்கு ஓவியம் பிடிக்கும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கெண்ட்தான். புனித பாவோ பேராலயத்தில் இருக்கும், பல மரப்பலகைகளில் தீட்டிய பலிபீட ஓவியத்துக்காகவே அந்த ஊருக்குப் போகலாம். ஹூபர்ட் வான் ஐக் தொடங்கி, தம்பி யான் வான் ஐக் 1432-இல் முடித்தது. ஒவ்வொரு பலகையிலும் புல், பூ, கல் பதித்த கிரீடம் என்று அவ்வளவு நுணுக்கம், தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நடுவே இருக்கும் ஆட்டுக்குட்டியின் முகத்தில் பிற்காலத்தில் யாரோ பூசியிருந்த வண்ணத்தை அண்மையில் நீக்கினார்கள், இப்போது அது நேராக நம் கண்ணையே பார்க்கிறது. கீழே இடது ஓரப் பலகை 1934-இல் திருடு போனது, இன்றுவரை கிடைக்கவில்லை, இருப்பது நகல். 2012-இலிருந்து பலகைகளை முறை வைத்து நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குப் பின்னால் சீரமைக்கிறார்கள், அதனால் எந்தப் பலகை எங்கே என்று பார்த்துவிட்டு, டிக்கெட்டும் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

ஊர் உட்ரெக்டை விட வரலாற்றுக் கனம் கூடியது. 1180-இல் கட்டிய கிராவன்ஸ்டேன் கோட்டை ஊர் நடுவில் நிற்கிறது. புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிறந்ததும் இங்கேதான், வரி கட்ட மறுத்த இந்த ஊர்ப் பெரியவர்களை 1540-இல் கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு நடக்க வைத்ததும் அவர்தான். 2017-இலிருந்து ஊர் நடுவில் கார்ப் போக்குவரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள், நடக்க நிம்மதி. கல் பாவிய தெருக்கள் மட்டும் முட்டிக்குச் சிரமம், நல்ல செருப்பு அவசியம். ரயில் நிலையம் ஊர் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது, டிராம் பிடித்துவிடுங்கள்.

இளவேனில்:
பரணி சொல்வது சரிதான், ஆனால் ஓவியத்தில் உட்ரெக்டும் லேசுப்பட்டதில்லை. ஹொன்ட்ஹார்ஸ்ட், டெர் புருகன் என்ற ஓவியர்கள் இருவரும் ரோமுக்குப் போய், இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் இருளும் ஒளியும் கற்று வந்த இந்த ஊர்க்காரர்கள். சென்ட்ரால் மியூசியத்தில் அவர்கள் படங்கள் இருக்கின்றன.

மேகலை:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்படியானால் இரண்டிரண்டு நாளாகப் பிரிக்கட்டுமா?

பரணி:
கெண்டில் மூன்று இரவு தங்குங்கள். பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கும் கிராஸ்லெய் ஆற்றங்கரையை இருட்டிய பிறகு விளக்கொளியில் பார்க்க வேண்டும், மே மாதத்தில் இருட்டவே பத்து மணி ஆகிவிடும், பகலில் வந்து போனால் அது கிடைக்காது. உட்ரெக்டிலிருந்து ரோட்டர்டாம், ஆண்ட்வெர்ப் பக்கமாக வண்டி மாறி வரலாம். அம்மாவோடு வருவதால் மாறுவதற்குத் தாராளமாக நேரம் இருக்கிற வண்டியாகப் பாருங்கள்.