எம்டன் பாணி டிரேடிங்: சந்தை போர்க்களமா?

வேளச்சேரி வாசி:
மூன்று வருடமாக நிஃப்டி ஆப்ஷனில் இருக்கிறேன், அதாவது 50 பெரிய பங்குகளின் குறியீடு ஏறுமா, இறங்குமா என்று கணித்து ஒப்பந்தங்களை வாங்கி விற்கிறேன். சந்தையைக் கடைத்தெரு மாதிரி நினைப்பதால்தான் நம்மைப் போன்ற சின்ன ஆட்கள் அடி வாங்குகிறோம் என்பது என் கட்சி. அது போர்க்களம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் மெட்ராஸுக்கு வந்ததை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, சில நிமிடங்களில் இருட்டில் மறைந்தது. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டும் அதைத் தடுக்க முடியவில்லை. ஒற்றைக் கப்பல்தான், ஆனால் எங்கே அடிப்பது, எப்போது கிளம்புவது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்ட் இதை ஒரு சுழற்சியாகச் சொன்னார்: கவனி, நிலைமையைப் புரிந்துகொள், முடிவெடு, செயல்படு. எதிரியைவிட வேகமாகச் சுற்றுபவன் ஜெயிப்பான். காலை 9.15 மணியிலிருந்து நான் செய்வதும் இதுதான். உளவுக்கு மூன்று டெலிகிராம் குழுக்கள், அப்புறம் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ தினமும் வெளியிடும் ஓபன் இன்ட்ரஸ்ட் கணக்கு, அதாவது இன்னும் முடிக்கப்படாமல் இருக்கிற ஒப்பந்தங்களின் எண்ணிக்கை.

பரங்கிமலை:
தம்பி, நான் காலாட்படையில் 24 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எம்டன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஏழே வாரத்தில், நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களைக் கரையில் இறக்கியிருந்த நேரத்தில், சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து அதை முடித்தது. எம்டனின் தலைவர் முல்லர் கெட்டிக்காரர்தான். ஆனால் சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, எம்டனுக்கோ துணைக்கு வர யாரும் இல்லை.

தாக்கப் போகிறவனுக்கு எதிரியைப் போல மூன்று மடங்கு பலம் வேண்டும், ஒரு பகுதியைக் கையிருப்பாகப் பின்னால் நிறுத்த வேண்டும் என்பது எங்களுக்குப் பாலபாடம். எக்ஸ்பைரி நாளில், அதாவது ஒப்பந்தம் காலாவதியாகும் நாளில், கணக்கில் உள்ள மொத்தப் பணத்தையும் ஒரே கால் ஆப்ஷனில் (விலை ஏறும் என்று நம்பி வாங்குகிற ஒப்பந்தம்) போடுகிற பையனிடம் இந்த இரண்டில் எது இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசி ஆள், கடைசித் தோட்டா வரை நில் என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். ஓய்வு பெற்ற புதிதில் அதே புத்தியோடு ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலை பாதியானது, விடவில்லை. அந்தப் பாதியும் பாதியானது. எல்லையில் ஒருவன் நகராமல் நின்றால் பின்னால் இருக்கிற ஊர் பிழைக்கும். நான் நின்றதால் யார் பிழைத்தார்கள்? மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் போனதுதான் மிச்சம். அதனால்தான் போர்ப் பேச்சைச் சந்தைக்குக் கொண்டுவராதீர்கள் என்கிறேன்.

செகண்ட் லைன் பீச்:
பழைய மெட்ராஸ் பங்குச் சந்தை இருந்த தெருவின் பெயரில் எழுதுகிறேன். அங்கே ஒரு புரோக்கர் அலுவலகத்தில் டீலராக இருந்தவள். வேகம் பற்றி மட்டும் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். மறுபக்கம், 2024 நிதியாண்டில் வெளிநாட்டு முதலீட்டாளர்களின் லாபத்தில் 97 சதவீதமும், சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோவில், அதாவது கம்ப்யூட்டரே தானாக வாங்கி விற்கும் முறையில், வந்தவை. அவர்களுடைய கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்சின் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் விரல் போனைத் தொடுவதற்குள் அது பாய்டின் சுழற்சியை எத்தனையோ முறை முடித்திருக்கும்.

வேளச்சேரி வாசி:
அக்கா, அந்த 93 பேரில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. வேகத்தில் தோற்பேன், சரி. உளவில் ஏன் தோற்க வேண்டும்? 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் முடிவு லண்டனுக்கு வருமுன்பே வங்கியாளர் நேதன் ராத்ஸ்சைல்டுக்குத் தெரிந்து, பத்திரங்களை வாங்கிக் குவித்தாரே!

ஒரகடம் ஷிப்ட்:
நான் வேளச்சேரிக்காரர் பக்கம். அமெரிக்காவில் வால்மார்ட் வாசலில் நிற்கும் கார்களைச் செயற்கைக்கோள் படத்தில் எண்ணி விற்பனையைக் கணிக்கிறார்கள். நமக்கு டீக்கடை போதும். எந்தக் கம்பெனியில் ஷிப்டைக் குறைக்கப் போகிறார்கள் என்று அங்கே இருக்கிற சூப்பர்வைசரே சொல்வார்.

செகண்ட் லைன் பீச்:
ராத்ஸ்சைல்ட் கதை 1846இல் வந்த ஒரு வசைத் துண்டுப்பிரசுரத்திலிருந்து பரவியது. போர் நீளும் என்று நம்பித் தங்கம் சேர்த்து வைத்திருந்தவருக்கு, அது சீக்கிரம் முடிந்தது சிக்கலாகவே இருந்தது.

ஒரகடம் தம்பி, உங்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. சாலையில் நின்று லாரிகளை எண்ணுங்கள், வாகன் இணையதளத்தில் எந்த நிறுவனத்தின் வண்டி எத்தனை பதிவானது என்று பாருங்கள், தப்பில்லை. எல்லோருக்கும் திறந்திருக்கிற தகவல் அது. ஆனால் உற்பத்தியை நிறுத்தப் போகிறார்கள் என்று உள்ளே இருப்பவர் சொல்லி, அறிவிப்பு வருமுன் நீங்கள் பங்கை விற்றால், 2015 செபி விதிப்படி நீங்களும் 'இன்சைடர்', அதாவது உள்ளாள்தான். வெளியாகாத, விலையைப் பாதிக்கும் தகவல் கையில் இருந்தாலே போதும். அபராதம் குறைந்தது 10 லட்சம், 25 கோடி வரை போகலாம். சொன்னவருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

பரங்கிமலை:
வேளச்சேரி தம்பி, உங்கள் மூன்று டெலிகிராம் குழுக்களுக்கு வருகிறேன். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் ஒரே செய்தியைச் சொன்னால்தான் நம்பலாம் என்பது நம் நாட்டுப் பழைய விதி. உங்கள் மூவரும் தனித்தனியா?

வேளச்சேரி வாசி:
ஐயா, இதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். 2024 ஜூன் 1 மாலை மக்களவைத் தேர்தல் எக்ஸிட் போல் வந்தது. ஜூன் 3 திங்கள்கிழமை நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. மூன்று குழுவிலும் "நாளை இன்னும் பறக்கும்" என்று வந்தது. கால் ஆப்ஷன் வாங்கினேன். மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்தது. எனக்கு 1,40,000 ரூபாய் போனது. அப்புறம் ஒரு நாள் அந்தச் செய்திகளைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை. ஒரே ஆள் எழுதியதை மற்ற இருவர் அப்படியே அனுப்பியிருக்கிறார்கள்.

பரங்கிமலை:
இதைச் சொல்ல மனசு வேண்டும். ராணுவத்திலிருந்து ஏதாவது எடுத்தே தீருவேன் என்றால் ஒன்றை மட்டும் எடுங்கள். ரோந்து போய்த் தகவல் கொண்டுவருகிற ஆள் தாக்குதலை முடிவு செய்ய மாட்டான். அது வேறொருவரின் வேலை, அவர் கேள்வி கேட்பார். உங்கள் வீட்டில் தகவல் சேர்ப்பது, முடிவெடுப்பது, சுடுவது எல்லாம் நீங்களே.

வேளச்சேரி வாசி:
எம்டனை நான் இன்னும் விடவில்லை ஐயா. ஆனால் ஒன்று செய்கிறேன். திங்கள் இரவே எங்கே நுழைவது, எங்கே வெளியேறுவது, தகவல் யாரிடமிருந்து வந்தது என்று தாளில் எழுதி மனைவியிடம் கொடுக்கிறேன். வங்கியில் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவள், கேள்வி கேட்காமல் விட மாட்டாள். அவள் வேண்டாம் என்றால் நுழைய மாட்டேன். செவ்வாய் எக்ஸ்பைரி முடிந்ததும் அந்தத் தாளை இங்கே போடுகிறேன்.