பெருக்கிய பிறகு சோதித்தேன்: டிரைவர் திருத்தத்தில் நேர்ந்த அனுபவங்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு, வன்பொருளோடு பேசும் நிரலான ஒரு டிரைவரை நான் பராமரித்து வந்தபோது, தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்க்கும் ஃபஸ்ஸிங் சோதனையில் 32 பிட் இயந்திரம் மட்டும் நினைவகம் சிதைந்து நின்றுபோனது. என் 64 பிட் கணினியில் எத்தனை முறை முயன்றும் அது நிகழவில்லை. பயனர் நிரல் அனுப்பும் எண்ணிக்கையை 16 பைட்டுகளால் பெருக்கி, அந்த அளவுக்கு நினைவகம் கேட்பது டிரைவரின் வேலை. எண்ணிக்கை 268435457 என்றால் விடை 4294967312 ஆக வேண்டும். ஆனால் 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295 என்பதால், மிஞ்சியது உதிர்ந்து வெறும் 16 மட்டுமே எஞ்சுகிறது. ஓர் உறுப்புக்கான இடத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்து வரும் லூப் இருபத்தாறு கோடிக்கும் மேற்பட்ட உறுப்புகளை எழுதப் புறப்பட்டுவிடும். 64 பிட்டில் பெருக்கல் சரியாகவே நடந்து, அவ்வளவு பெரிய கோரிக்கை நிராகரிக்கப்பட்டதால்தான் என் கண்ணில் எதுவும் படவில்லை.

நான் முதலில் செய்த திருத்தத்தைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. பெருக்கி வந்த விடை ஒரு மெகாபைட்டைத் தாண்டினால் பிழை என்று திருப்பியனுப்பும்படி ஒரு வரி சேர்த்தேன். அந்தத் திருத்தத்தை (பேட்சை) பார்த்த மூத்தவர், "பதினாறு எப்போது ஒரு மெகாபைட்டைத் தாண்டும்?" என்று மட்டும் கேட்டார். எண்ணிக்கைக்கே ஓர் உச்சவரம்பு வைத்து, நினைவகம் கேட்கும் கேமல்லாக் செயல்கூறு இருந்த இடத்தில், பெருக்கலையும் தானே செய்து சரிபார்க்கும் கேமல்லாக்_அரே போட்ட பின்புதான் ஒப்புக்கொண்டார். பெருக்கல் வரம்பைத் தாண்டி வழிந்தால் பின்னது நினைவகமே தராது.

*

மேலே நண்பருக்குப் பெருக்கலில் நேர்ந்தது எனக்குக் கூட்டலில் நேர்ந்தது. தரவின் தொடக்க இடத்தையும் நீளத்தையும் கூட்டி, தரவை வைக்கும் நினைவகப் பகுதியான பஃபரின் அளவோடு ஒப்பிடும் வரி, பார்ப்பதற்குக் குற்றமற்றதாகத் தெரியும். இரண்டுமே குறியற்ற (எதிர்ம மதிப்பு இல்லாத) 32 பிட் எண்களாக இருந்ததால், கூட்டுத்தொகை உச்சத்தைத் தாண்டியதும் பூஜ்ஜியத்திலிருந்து சுற்றிக்கொண்டு சிறிய எண்ணாகிச் சோதனையைக் கடந்துவிட்டது. நீளம் பஃபருக்குள் அடங்குகிறதா என்று முதலில் பார்த்து, அதன் பிறகே அளவிலிருந்து நீளத்தைக் கழித்து, தொடக்க இடத்தை அந்த மீதியோடு ஒப்பிடும்படி மாற்றினேன். 2018-இல் கர்னலில் சேர்ந்த ஓவர்ஃப்ளோ தலைப்புக் கோப்பில், கூட்டல் வழிகிறதா என்று பார்க்கும் செக்_ஆட்_ஓவர்ஃப்ளோ இருந்தும், இந்த இடத்தில் கழித்தலே படிக்க எளிதாக இருந்தது என்பது என் கருத்து.

அதே கோப்பில் கர்னல் தன் கடிகாரத் துடிப்புகளை எண்ணிவரும் ஜிஃபீஸ் மதிப்புகளை நேரடியாக ஒப்பிட்டு காலக்கெடு பார்க்கும் வரியும் இருந்தது. நொடிக்கு 1000 துடிப்புகள் என்றால் 32 பிட்டில் அந்த எண் சுற்றிவர ஏறத்தாழ 49.7 நாட்கள் ஆகும். யாரும் அவ்வளவு நாள் காத்திருந்து சோதிக்கப் போவதில்லை என்று கருதியோ என்னவோ, இயந்திரம் துவங்கிய 5 நிமிடத்திலேயே அது சுற்றும்படி கர்னல் தொடக்க மதிப்பை அமைத்திருக்கிறது. அதனால் அந்தப் பிழை அன்று மதியமே பிடிபட்டது.